நடு அறை

டாக்ஸிக்காரர் பெட்டிகளை நடைபாதையில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு நின்றது, ஆனால் வரவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், ஒரே சாம்பல் நிறத்தில் பழைய கட்டடங்கள். இத்தனை ஜன்னல்களில் ஒன்றில்கூட ஆள் முகம் இல்லை.

அவள் மணியை அழுத்தினாள். அழுத்தியது கேட்டதா இல்லையா என்று தெரியாமல் இன்னொரு முறை அழுத்தினாள்.

வீட்டுக்காரம்மா ஒடிசலான, உயரமான மனுஷி. படிகளில் பெட்டியை இவள் தூக்க முடியாமல் தூக்கி வர, அவர் முன்னால் பேசிக்கொண்டே ஏறினார். மூன்றாவது மாடியில் வீடு. சாவியைப் போட்டு, கதவைத் தோளால் ஒரு தள்ளு தள்ளினால்தான் திறந்தது.

"ஃப்ரிட்ஜ்ல நடுத் தட்டு உன்னோடது. குப்பையைப் பிரிச்சுப் போடணும். கலந்து போட்டா கீழ் வீட்டுக்காரர் மேல வந்து சத்தம் போடுவார். வெந்நீர் ரெண்டு பேருக்குத்தான் வரும், மூணாவது ஆள் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் குளிக்கணும்."

இதில் பாதிதான் அவளுக்குப் புரிந்தது. அந்த ஊர் மொழியை அவள் ஒன்றரை வருடம் உட்கார்ந்து படித்திருந்தாள். ஆனால் புத்தகத்தில் இருந்த மொழி நின்று நிதானமாகப் பேசியது. வீட்டுக்காரம்மாவின் மொழி ஓட்டமும் நடையுமாகப் போனது. எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைத்தாள்.

வீட்டின் அமைப்புதான் விசித்திரமாக இருந்தது. நட்டநடுவில் ஓர் அறை. மற்ற மூன்று அறைகளும் அதன் மூன்று பக்கச் சுவர்களை ஒட்டிக்கொண்டிருந்தன. நான்காவது பக்கம் கூடம். அங்கேதான் அதன் கதவு. கூடத்துக்கு எதிரே சமையலறை. நாலா பக்கமும் சுவர் சூழ்ந்த அந்த அறைக்கு ஜன்னலே இருக்க முடியாது.

"அந்த ரூம்?" என்று கேட்டாள்.

வீட்டுக்காரம்மா வேகமாக ஏதோ ஒரு வாக்கியம் சொன்னார். 'சத்தம்' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. சத்தம் போடாதே என்று சொல்லியிருப்பார் என்று நினைத்து, அதற்கும் தலையாட்டினாள்.

வீட்டுக்காரம்மா அவள் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். இறங்கும்போது அவர் பேசவில்லை.

*

அண்ணன்தான் அவளைப் படிக்க வைத்தான். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவளுக்கு எல்லாம் அவனும் அண்ணியும்தான். அண்ணன் பைக் ரிப்பேர் ஷெட் வைத்திருந்தான். "என் தங்கச்சி தண்ணி சுத்தம் பண்றதுல பெரிய படிப்புப் படிக்கப் போறா" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லி, பஞ்சர் ஒட்ட வந்தவனைக்கூட நிறுத்தி வைத்து பாஸ்போர்ட் போட்டோவைக் காட்டியவன். அவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. வாலு என்றுதான் கூப்பிடுவான்.

முதல் வாரங்கள் எப்படிப் போயின என்று கேட்டால் அவளால் சரியாகச் சொல்ல முடியாது. வகுப்பில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு இவள் சிரித்தாள். ஆய்வுக்கூடத்தில் கூட நிற்கும் பையன் ஏதாவது சொன்னால், மனதுக்குள் அதைப் பிரித்துப் போட்டுப் பதிலைக் கோத்துக்கொண்டு நிமிர்வதற்குள் அவன் வேறு பேச்சுக்குப் போயிருப்பான். கடையில் தானே பில் போடும் இயந்திரம் திடீரென்று பேச, இவள் அதனிடம் மன்னிப்புக் கேட்டாள். முடிக்குக் கடைசியில் போடுகிற கண்டிஷனரை ஷாம்பு என்று நினைத்து இரண்டு வாரம் தேய்த்து, நுரையே வரவில்லையே, இந்த ஊர்த் தண்ணீரில்தான் கோளாறு என்று முடிவு கட்டினாள். தண்ணீரைப் பற்றிப் படிக்க வந்தவள்.

சாயங்காலம் ஆனால் தாடை வலிக்கும். பிறர் மொழியில் வாயைத் திறந்து மூடியதால் வரும் வலி.

கூட இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி இசைக் கல்லூரியில் வயலின் படிப்பவள். மலைநாடு ஒன்றிலிருந்து வந்தவள். அதிகம் பேசமாட்டாள். மற்றவன் தாடிக்காரன்; பொருளாதாரம் படிக்கிறான். எல்லாப் பாத்திரத்தையும் நுரை பொங்கப் பொங்கக் கழுவுவான், காரணமில்லாமல் உரக்கச் சிரிப்பான். மூன்று பேரும் மூன்று நாட்டுக்காரர்கள். அந்த ஊர் மொழியில் தட்டுத் தடுமாறித்தான் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

அவளுடைய கட்டில் நடு அறைச் சுவரை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. வகுப்பு முடிந்து வந்ததும் அதில் சாய்ந்துகொண்டு அண்ணனுடன் பேசுவாள். அந்தப் பத்து நிமிஷம்தான் தாடை வலிக்காத நேரம்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேண்ணா."

"என்ன சாப்பிட்ட?"

"சோறுதான்." காய்ந்த ரொட்டியைத்தான் தின்றிருப்பாள்.

"பொய் சொல்லாத. உன் குரல்லயே பட்டினி தெரியுது."

"சரிண்ணா, வெச்சிடறேன். படிக்கணும்."

குளிர் இறுக ஆரம்பித்த ஒரு மதியம். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் ஆறிப்போன டீ போலக் கலங்கிக் கிடந்தது. வயலின்காரியும் தாடிக்காரனும் வெளியே போயிருந்தார்கள். அவள் போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசினார்கள்.

"சாப்பிட்டேண்ணா."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"சோறுதான்... சரிண்ணா... வெச்சிடறேன்."

தமிழ்!

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கேயோ கிடக்கிற இந்த ஊரில், இந்தத் தெருவில், இந்த வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ்ப் பெண்! அவளுக்கும் ஓர் அண்ணன்! அவளும் தன்னைப் போலவே சோறு தின்றதாகப் பொய் சொல்கிறாளோ என்னவோ. ஓடிப்போய் நடு அறைக் கதவைத் தட்டினாள். கைப்பிடி அசையவில்லை. திரும்பி வந்து சுவரோடு வாயை வைத்தாள்.

"அக்கா! நீங்க தமிழா?"

வாயை எடுத்துவிட்டுக் காதை வைத்தாள். பிறகு, தலையணைக்கு மிக அருகில்:

"தமிழா."

*

அப்படித்தான் அந்தப் பழக்கம் தொடங்கியது.

பக்கத்து அறை அக்காவுக்கு உடம்பு சரியில்லை, வெளிச்சம் ஆகாது, வெளியே வருவதில்லை. அப்படி அக்கா சொன்னாளா, தானே ஊகித்துக்கொண்டதா என்று பின்னால் யோசித்தபோது அவளுக்கு விளங்கவில்லை. அக்காவின் தமிழ் ஆரம்பத்தில் மழலையாக இருந்தது. சொன்னதையே திருப்பிச் சொல்லும். இங்கேயே பிறந்து வளர்ந்தவள் போலிருக்கிறது, பாவம் என்று இவள் நினைத்தாள்.

"குளிருதுக்கா."

"குளிருது. இன்னும் சொல்லு."

"என்ன சொல்ல?"

"உங்க வீடு. அண்ணி எப்படித் திட்டுவாங்க? சொல்லு."

அவள் சொன்னாள். அண்ணி திட்டுவதைச் சொன்னாள், கொஞ்சுவதைச் சொன்னாள். ஷெட்டில் இருக்கும் சாமான்களின் பெயரையெல்லாம் சொன்னாள். ஊரில் இருந்தபோது இத்தனை வார்த்தைகள் தன்னிடம் இருந்ததே அவளுக்குத் தெரியாது. அக்கா ஒவ்வொன்றையும் வாங்கி, வாயில் போட்டுச் சுவைப்பதுபோல மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள். இரண்டு மூன்று வாரத்தில் அக்காவின் பேச்சு நன்றாகத் திருந்திவிட்டது. சுவரில் சாய்ந்தபடி சாப்பிட்டாள். சுவரில் சாய்ந்தபடி தூங்கினாள். சுவர் அந்த இடத்தில் வெதுவெதுப்பாக இருந்தது.

காலை வகுப்புகள் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. அண்ணன் கூப்பிட்டால் அப்புறம் பேசலாம் என்று விட்டுவிடுவாள்.

ஒருநாள் அண்ணிதான் கூப்பிட்டாள். "துணியெல்லாம் காயுதா அங்க?"

"எங்கண்ணி! ரெண்டு நாள் ஆனாலும் அப்படியே... அப்படியே..."

வார்த்தை வரவில்லை. தண்ணீர் பட்டால் துணி எப்படி இருக்கும்? அதற்கு ஒரு சொல் உண்டே. பச்சைக் குழந்தைகூடச் சொல்லுமே.

"அப்படியே என்ன?"

"அப்படியே... தண்ணியா இருக்கு."

பின்னாலிருந்து அண்ணன் சிரித்தான். "என்ன துரைசானி, போய் நாலு மாசத்துல தமிழ் மறந்துபோச்சா?"

அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகும் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டே இருந்தாள். அது இருந்த இடம் தெரிந்தது. பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுவதுபோல் அந்த இடத்தைத் தடவிப் பார்க்க முடிந்தது. சொல் மட்டும் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், யாரையும் கேட்காமல், தனக்குத் தானே பேசுவதுபோல் அக்கா சொன்னாள்:

"ஈரம். ஈரம். ஈரம்."

அவள் காதில் விழுந்தது. ஆனால் அது என்ன சொல் என்று புரியவில்லை.

*

அதற்கு ஐந்தாம் நாள் காலை சமையலறையில் மூன்று பேரும் ஒன்றாக இருந்தார்கள். அபூர்வமாக வெயில் அடித்தது. கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. தாடிக்காரன் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

அவள் சும்மாதான் சொன்னாள். "நடு ரூம்ல இருக்கிற அக்காவுக்கும் ஒரு கப் போடட்டுமா? பாவம், எங்க ஊர்ப் பொண்ணு."

வயலின்காரி நிமிர்ந்தாள். "உங்க ஊரா? அவர் எங்க மலையைச் சேர்ந்தவர். வயசானவர். எங்க பக்கத்துப் பேச்சு."

தாடிக்காரன் உரக்கச் சிரித்தான். "ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு? அவன் என் வயசுப் பையன். எங்க தெருவுல பேசற மாதிரியே பேசுவான். ஒரு வருஷமா பேசறேன், எனக்குத் தெரியாதா?"

கெட்டில் 'டக்'கென்று நின்றது.

"நீங்க யாராவது அவரைப் பார்த்திருக்கீங்களா?" என்று வயலின்காரி கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

யாரும் பார்த்ததில்லை.

இவள் தாடிக்காரனைப் பார்த்தாள். தான் வந்த புதிதில் அவன் போனில் ஊருக்குப் பேசினால் வீடே அதிரும். அவன் அப்படிப் பேசிக் கேட்டு எத்தனை நாளாகிறது?

"நீ கடைசியா வீட்டுக்கு எப்போ பேசின?"

"மெசேஜ் அனுப்புவேன். படம் அனுப்புவேன்." அவன் தோளைக் குலுக்கினான். "பேச நேரம் எங்க இருக்கு?"

"உன் மொழியில ஏதாவது சொல்லு."

"என்ன சொல்ல?"

"எதுவானாலும். தண்ணிக்கு என்ன சொல்வீங்க?"

அவன் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தான்.

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

சிரிப்பு முகத்தில் அப்படியே நின்று, மெதுவாக வடிந்தது. அவன் குழாயைப் பார்த்தான். ஓடும் தண்ணீரைப் பார்த்தான். உதடுகள் அசைந்தன. ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றான். பெரிய ஆள், மாடு மாதிரி உடம்பு. அவன் கண்ணில் நீர் கோத்தது.

"அம்மாவுக்கு?" என்று அவள் மெல்லக் கேட்டாள். "அம்மாவை எப்படிக் கூப்பிடுவே?"

அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

நடு அறையிலிருந்து யாரோ ஒரு சொல்லைச் சொன்னார்கள். மென்மையாக, ஆசையாக. அவளுக்குத் தெரியாத மொழி. ஆனால் அது எந்தச் சொல்லாக இருக்கும் என்று மூன்று பேருக்குமே தெரிந்தது.

*

கதவைத் தாடிக்காரன்தான் உடைத்தான். தாழ்ப்பாள் பழையது, இரண்டு இடியில் பெயர்ந்து வந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை.

கட்டில் இல்லை, நாற்காலி இல்லை, ஓர் ஆணிகூட இல்லை. வெறும் தரை, தரையில் மொத்தமாகத் தூசி. தூசியில் ஒரு காலடியும் இல்லை. கூடம் பனிக்கட்டியாய்க் குளிர்ந்து கிடக்க, அந்த அறை மட்டும் கதகதவென்று இருந்தது. நெடுநேரம் பலர் பேசிக்கொண்டிருந்த ஒரு மூடிய இடத்தின் வாடை. வாய்களின் வாடை.

தாடிக்காரன் போன் வெளிச்சத்தைச் சுவரில் அடித்தான்.

அவள் அறைப் பக்கச் சுவரில், கட்டிலில் படுத்தால் தலையணை வரும் உயரத்தில், உள்ளங்கை அளவுக்குச் சுண்ணாம்பு தேய்ந்து வழவழப்பாக இருந்தது. வருடக் கணக்காக ஏதோ ஒன்று அதே இடத்தில் காதை வைத்துத் தேய்த்த மாதிரி. வயலின்காரியின் பக்கமும் அதே. தாடிக்காரன் பக்கம் இருந்ததுதான் பெரியது.

அவள் தொட்டுப் பார்த்தாள். சற்று முன்தான் யாரோ வாயை எடுத்ததுபோல் நசநசத்தது.

வீட்டுக்காரம்மாவுக்கு வயலின்காரி போன் செய்தாள். ஸ்பீக்கரில் அந்த அம்மாள் குரல் எரிச்சலாகத்தான் தொடங்கியது.

"முதல் நாளே ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேனே! அந்த ரூம்ல யாரும் இல்ல. சத்தம் கேட்டா பதில் பேசாதீங்கன்னு. எல்லாரும் தலையாட்டினீங்களே!"

யாருக்குமே அந்த வாக்கியம் அன்று புரிந்திருக்கவில்லை. வந்த புதிது.

தாடிக்காரன் அந்த மதியமே ஒரு பையோடு நண்பன் வீட்டுக்குப் போய்விட்டான். போகும்போது சிரிக்கவில்லை. வயலின்காரி தன் அறை வாசலில் நின்றாள்.

"வா, நாமளும் போயிடலாம்" என்றாள் இவள்.

"எங்க போறது? இந்த ஊர்ல என் மொழி பேசற ஆள் வேற யார் இருக்கா?" வயலின்காரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "அவர் என்னை என்ன செஞ்சார்? என்கூடப் பேசறார். அவ்வளவுதானே."

கதவை மூடிக்கொண்டாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து தணிந்த பேச்சுக் குரல். ஒருத்தியின் குரல். பிறகு இன்னொன்று.

*

அவள் தன் அறைக்கு ஓடி, பெட்டியை இழுத்துப் போட்டுத் துணிகளை அள்ளித் திணித்தாள். வெளியே மதியம் தாண்டியதுமே இருட்டத் தொடங்கியிருந்தது. போன் அடித்தது.

அண்ணன்.

எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, அண்ணா என்று கதற வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

அந்தச் சொல் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. அதற்குப் பக்கத்துச் சொல்லைத் தேடினாள். அதுவும் இல்லை. அம்மா, நான், வேண்டாம், காப்பாத்து — எங்கே கை வைத்தாலும் வெறுந்தரை. இரவோடு இரவாக வீட்டைக் காலி செய்துகொண்டு போனதுபோல. அந்த ஊர் மொழியின் சொற்கள் மட்டும் மூலையில் நின்றன. அவை அண்ணனுக்குப் புரியாது.

"ஹலோ? வாலு? ஏன் நாலு நாளா எடுக்கவே இல்ல?"

அண்ணன் சொன்னதன் பொருள் எங்கேயோ தூரத்தில் புரிந்தது. பதில்தான் இல்லை. மூச்சு மட்டும் விக்கி விக்கி வந்தது.

அப்போது தலையணையை ஒட்டிய சுவரிலிருந்து பதில் வந்தது.

"வேலைண்ணா. நிறைய பரீட்சை."

அவளுடைய குரல். அவளுடைய இழுப்பு, அவளுடைய சலிப்பு, ஒரு மாத்திரை கூடவில்லை, குறையவில்லை.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீ கவலைப்படாதே. அண்ணியைக் கேட்டதாச் சொல்லு. வெச்சிடறேன், என்ன?"

அவள் கட்டிலில் உட்கார்ந்து போனை மார்போடு அணைத்துக்கொண்டாள், வைத்துவிடாதே என்பதுபோல. வாய் ஓயாமல் திறந்து திறந்து மூடியது.

அந்தப் பக்கம் அண்ணன் உடனே வைக்கவில்லை. ஷெட்டில் ஏதோ ஒரு வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"வாலு."

"சொல்லுண்ணா."

"யார் அங்க அழறது?"

சுவர் ஒரு கணம் தயங்கியது.

"யாரும் அழலையே."

"கேட்குதே. போனுக்குப் பக்கத்துல கேட்குது. நீ பேசறதுதான் கொஞ்சம் தள்ளிக் கேட்குது."

"டிவிண்ணா."

மறுபடி வண்டியின் உறுமல். அண்ணனின் மூச்சு. பிறகு அவன் பேசியபோது குரல் மிக மெதுவாக, நிதானமாக இருந்தது. பயந்த கன்றுக்குட்டியிடம் பேசுவதுபோல.

"என் தங்கச்சி அழும்போது பேச மாட்டா. சின்னதுலேர்ந்தே அப்படித்தான். அடிபட்டா அம்மான்னுகூடக் கத்தமாட்டா. மூச்சை மட்டும் இழுத்து இழுத்து விடுவா. அந்த மூச்சை எனக்குத் தெரியும்." அவன் நிறுத்தினான். "பேசறவங்க யாரா இருந்தாலும் சரி, வாயை மூடுங்க. அழறவளே, உன்கிட்டதான் பேசறேன். நீ பதில் சொல்ல வேணாம். எழுந்திரு."

அவள் எழுந்தாள்.

"பெட்டியெல்லாம் விடு. போனைக் காதோட வெச்சுக்க. செருப்பைப் போடு. கதவைத் திற."

"அண்ணா, நான் இங்க இருக்கேண்ணா!" சுவர் அலறியது. "அது யாரோ திருடிண்ணா!"

அவள் கதவைத் திறந்தாள். கூடத்தில் விளக்கு இல்லை. உடைந்த கதவோடு நடு அறை திறந்து கிடந்தது, உள்ளே இருட்டு. அதைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். தாண்டும்போது அந்த வெதுவெதுப்பு அவள் கன்னத்தில், கழுத்தில், காது மடலில் பட்டது.

"நட, நட. நிக்காதே. நான் இருக்கேன்" என்றது போன்.

"நில்லு வாலு!" என்றது இருட்டு. இப்போது அண்ணனின் குரல். அதே கரகரப்பு. "அந்தப் பக்கம் போகாதே! திரும்பி வா! அண்ணன் சொல்றேன்ல?"

அவள் நின்றுவிட்டாள்.

இரண்டு குரலும் ஒன்றேதான். போனில் ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று. இரண்டும் வாலு வாலு என்று கூப்பிட்டன. எது யார் என்று யோசிக்கக்கூட அவளிடம் சொல் இல்லை.

அப்போது போனுக்குள் அண்ணன் அழுதான். வாழ்நாளில் அவன் அழுது அவள் கேட்டதில்லை. அவனும் பேசவில்லை. மூச்சை மட்டும் இழுத்து இழுத்து விட்டான்.

முதுகுக்குப் பின்னால் இருந்த குரல் இன்னும் பேசிக்கொண்டே இருந்தது.

அவள் வாசல் கதவைத் தோளால் மோதித் திறந்து, மூன்று மாடியும் இறங்கி, தெருவுக்கு வந்துதான் நின்றாள்.

*

கல்லூரி விடுதியில் இடம் கிடைத்தது. ஆறு பேர் இருக்கிற சத்தக்காடு. அவளுக்கு அது சொர்க்கமாக இருந்தது.

அண்ணன் தினமும் கூப்பிட்டான். அன்று என்ன நடந்தது என்று அவன் கேட்கவே இல்லை. ஷெட்டுக்கு வந்த வண்டிகளைப் பற்றி, அண்ணி பால் பொங்கவிட்ட கதையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பான். இவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டுவான். முதல் வார்த்தை வர ஒரு மாதம் ஆயிற்று. பிறகு இரண்டு, நான்கு என்று வந்தன. குளிர் போனது. மரங்கள் துளிர்த்தன. ஒருநாள் அண்ணியிடம் சண்டை போடும் அளவுக்குத் தமிழ் திரும்பிவிட்டது. அண்ணி அழுதுகொண்டே திட்டினாள்.

வயலின்காரியைப் பார்க்க இரண்டு முறை அந்தத் தெருவுக்குப் போனாள். மணியை அழுத்திவிட்டுக் கீழேயே நின்றாள். யாரும் வரவில்லை. மாடி ஏற அவளுக்குத் துணிச்சல் இல்லை.

பரீட்சை எல்லாம் முடிந்த கோடைக்காலக் காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். பளீரென்று வெயில். யாரோ தோளைத் தட்டினார்கள்.

வயலின்காரி. முதுகில் வயலின் பெட்டி. கொஞ்சம் பூசினாற்போல, நன்றாகவே இருந்தாள்.

"அடடே, நீயா! பார்த்து எத்தனை நாளாச்சு! நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்க? நான் வந்தேனே, மணி அடிச்சேனே..."

"பேசிக்கிட்டு இருந்திருப்பேன், கேட்டிருக்காது. அவர் உன்னை விசாரிச்சார்." வயலின்காரி சிரித்தாள். அந்தச் சிரிப்பு மறைந்தபோது முகம் களைத்துத் தெரிந்தது. "அம்மாதான் கவலையா இருக்கு. தினமும் கூப்பிடறேன். ஆனா நான் சொல்றது எதுவும் அவங்களுக்குப் புரியவே மாட்டேங்குது. சும்மா அழுதுக்கிட்டே இருக்காங்க. காது போயிடுச்சு போல. வயசாகுது இல்ல?"

"டாக்டர்கிட்ட காட்டினாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் உடம்பு சில்லிட்டது.

தான் எந்த மொழியில் பேசுகிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வயலின்காரி எந்த மொழியில் பேசுகிறாள் என்றும்.

ஒரு பிசிறு இல்லை. ஒரு தடுமாற்றம் இல்லை. அடுப்படியில் நின்று பேசுகிற வீட்டுத் தமிழ்.

"நீ..." அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "நீ என்ன பாஷை பேசற?"

வயலின்காரி புருவத்தைத் தூக்கினாள். "என்ன கேள்வி இது? என் பாஷைதான். எனக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு. நீ எங்க கத்துக்கிட்ட?"

வயலின்காரியின் கையில் இருந்த போன் அடித்தது. "அம்மாதான்" என்று சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டாள். "சொல்லும்மா. சாப்பிட்டியா?"

எங்கோ ஒரு மலையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வெடித்து அழுதது. ஏதேதோ சொல்லிக் கெஞ்சியது. ஒரே சொல்லை மீண்டும் மீண்டும் சொன்னது. மகளின் பெயராக இருக்கலாம்.

வயலின்காரி சற்று நேரம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு, இவள் பக்கம் குனிந்து கிசுகிசுத்தாள்.

"பாரேன். என்ன சொல்றாங்கன்னே தெரியல."